படைப்பை வாசிக்கும் கூட்டம்: வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும்

எழுத்தாளர் கூட்டம் என்றதும் நம் பக்கத்தில் பலருக்கும் மேடையும் மைக்கும் பொன்னாடையும்தான் நினைவுக்கு வருகின்றன. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று காலை கழிந்து, கவிதை வாசிக்க வந்த பிள்ளை தாளைக் கையில் எடுக்கும்போது சாப்பாட்டு நேரம் ஆகிவிடுகிறது. விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. புத்தகம் வெளியாகும் நாளில் எழுதியவரை ஊர் கூடிப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எழுதி முடிக்காத ஒரு கதையை எழுதி முடிக்க வேறொரு கூட்டம் தேவைப்படுகிறது. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டு, கேட்டதை அவரிடமே சொல்லும் கூட்டம். அதை நடத்தும் முறையைத்தான் இந்த அத்தியாயம் பேசுகிறது.

தேனியிலோ கம்பத்திலோ இப்படி ஒரு கூட்டம் தொடங்குகிறவர்கள் முதலில் பயப்படுவது கடுமையான விமர்சனத்துக்கு. அந்தப் பயம் தேவையில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வாசித்தவர் நாளைக்குப் பேங்க்கில் எதிரே வருவார், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்காருவார். அதனால் யாரும் மனம் நோகப் பேசுவதில்லை. ‘நல்லாருக்கு’ என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொள்கிறார்கள். எழுதியவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார். கதை வந்த இடத்திலேயே நிற்கிறது. ஐந்தாறு மாதம் இப்படி நடந்தால், உண்மையிலேயே எழுத வேண்டும் என்று வந்தவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். மரியாதை குறையாமல் உண்மையைச் சொல்வதற்கு ஒரு முறை வேண்டும். அதைப் பழக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

இந்த மண்ணில் இது நடந்திருக்கிறது

சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளில் பெரியது பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முன்னோர் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழில் செய்வித்ததையும் அது பெருமையாகச் சொல்கிறது. சங்கத்தைப் பற்றிக் கல்லிலும் செம்பிலும் கிடைக்கும் சான்றுகள் மிகக் குறைவு. அவற்றில் முக்கியமான ஒன்று இந்தப் பள்ளத்தாக்கின் நடுவில் கிடைத்திருக்கிறது. அதே சின்னமனூரில் 1912-இல் பிறந்தவர் சி.சு. செல்லப்பா. வத்தலக்குண்டில் வளர்ந்து, சென்னைக்குப் போய், 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். ஒரு படைப்பை ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்று சொல்வதோடு நிற்காமல் எங்கே, எதனால் என்று அலசிப் பார்க்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். நம் கூட்டத்துக்கு ஒரு முன்னோடி வேண்டுமென்றால் வெளியூரில் தேட வேண்டியதில்லை.

பெரியகுளத்தில் பிறந்த மு. மேத்தா, போடி மீனாட்சிபுரத்தில் பிறந்த நா. காமராசன் இருவரும் எழுபதுகளின் புதுக்கவிதையில் தடம் பதித்தவர்கள். வைகை அணை கட்டியபோது நீரில் மூழ்கிய ஊர்களின் கதையை வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாச’மாக எழுதினார், அதற்கு 2003-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இந்தப் பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. கூட்டம் நடத்துகிறவர் அதற்கு அடுத்த வரிசையையும் கட்டாயம் படித்திருக்க வேண்டும். தேனி ம. காமுத்துரையின் ‘மில்’ நூற்பாலைத் தொழிலாளர்களைப் பற்றியது. ‘குதிப்பி’ கல்யாண வீடுகளில் சமைக்கும் தொழிலாளர்களைப் பற்றியது. தேனி சீருடையானின் ‘நிறங்களின் உலகம்’ பார்வை இழந்த ஒரு சிறுவனின் உலகத்துக்குள் நம்மைக் கூட்டிப்போகிறது. போடியைச் சேர்ந்த எஸ். செந்தில்குமாரின் ‘கழுதைப்பாதை’ மலைக்குக் கழுதைகளில் பொதி ஏற்றிச் சென்றவர்களைப் பற்றிய நாவல். இவை எல்லாமே ஒரு வேலையின் உள்விவரத்தைத் தெரிந்துகொண்டு எழுதப்பட்டவை. உங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களிடமும் அப்படி ஆளுக்கொரு வேலை இருக்கும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பின்னால் சொல்கிறேன்.

1975-இல் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம், இன்றைய தமுஎகச, இந்த மாவட்டத்திலும் கிளைகளோடு இயங்குகிறது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டில் நடந்த ‘காகங்கள்’ சந்திப்பு அமைப்பு எதுவும் இல்லாமல் நண்பர்கள் கூடிப் பேசியது. இரண்டு வழியும் நல்ல வழிதான். அமைப்பு இருந்தால் தொடர்ச்சி இருக்கும். வீட்டுத் திண்ணை என்றால் மனம் விட்டுப் பேசலாம். எதைத் தேர்ந்தாலும் வாசிக்கும் முறை ஒன்றுதான்.

நாள், இடம், ஆட்கள்

மாதம் ஒரு முறை போதும். இரண்டாவது ஞாயிறு என்று ஒரு நாளைக் குறித்துவிட்டு மாற்றாமல் இருங்கள். தேதி மாறிக்கொண்டே இருந்தால் வேலைக்குப் போகிற பெண்களால் வீட்டில் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டு வர முடியாது. காலை 10 மணிக்கு ஆரம்பித்து 12.30-க்கு முடித்துவிடுங்கள். சாயங்காலக் கூட்டம் இனிமையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் கூடலூரிலிருந்து வருகிறவர் பஸ்ஸையே நினைத்துக்கொண்டிருந்தால் கதை அவர் காதில் ஏறாது.

தேனியிலிருந்து கம்பம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஒரே ஊரில் எப்போதும் நடத்தினால் ஒரு முனையில் இருப்பவர்கள் மெல்லக் கழன்றுகொள்வார்கள். சின்னமனூரோ உத்தமபாளையமோ நடுவில் இருப்பதால் எல்லாருக்கும் தோது. கிளை நூலகம் நல்ல இடம். நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக வளர்ந்த இந்த நூலகங்களில் பலவற்றில் வாசகர் வட்டம் இருக்கிறது. நூலகரைப் போய்ப் பார்த்து, வாசகர் வட்டத்தின் பெயரிலேயே நடத்தலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார்கள். பள்ளி வகுப்பறை கிடைத்தால் பெஞ்சுகளை வட்டமாகத் திருப்பிப் போடுங்கள். ஆசிரியர் நிற்கும் இடத்தில் நின்று வாசித்தால் கேட்பவர்கள் மாணவர்களாகிவிடுவார்கள்.

ஊரின் வேலைக்காலத்தைப் பார்த்து நடத்துங்கள். ஜூன் மாதம் முல்லைப் பெரியாறு தண்ணீர் முதல் போகத்துக்குத் திறந்துவிட்டால் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரிலும் வேலை ஒன்றாகத் தொடங்கும். நடவு நேரத்தில் விவசாயம் பார்க்கிற உறுப்பினர்கள் வர மாட்டார்கள். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு மும்முரமாக இருக்கும்போது ஞாயிறும் சிலருக்கு வேலை நாள்தான். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. இந்த மாதங்களில் ஆள் குறைந்தால் கூட்டம் தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். நான்கு பேர் வந்தாலும் நடத்துங்கள். வராதவர்களின் படைப்பை அந்த மாதங்களில் எடுக்காமல், அவர்கள் வரும் மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை சரியான அளவு. இருபதைத் தாண்டினால் பாதிப் பேர் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். அப்போது தயங்காமல் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

வாசிப்பவர் செய்ய வேண்டியது

தமிழை நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 100 சொல் போகும். 1,500 சொல்லில் ஒரு கதை என்றால் கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட. அதைப் பற்றிப் பேச இன்னொரு அரை மணி. எனவே ஒரு கூட்டத்தில் இரண்டு கதை, மூன்று கவிதைக்கு மேல் எடுக்காதீர்கள். நாவல் எழுதுகிறவர் ஒரு அத்தியாயத்தை மட்டும் கொண்டு வரட்டும். முன்கதையை இரண்டு வாக்கியத்தில் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருந்தால் அந்த அத்தியாயம் தனியாக வாசிக்கத் தகுந்ததில்லை, வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டில் ஒரு தடவை சத்தமாக வாசித்துவிட்டு வாருங்கள். மூச்சு முட்டுகிற வாக்கியங்கள் அங்கேயே தெரிந்துவிடும். கூட்டத்தில் முன்னுரை வேண்டாம். ‘இது அவசரத்துல எழுதுனது’, ‘இன்னும் திருத்தணும்’, ‘போன வருசம் எங்க தெருவுல நடந்த உண்மைச் சம்பவம்’ என்று சொல்லத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். பத்திரிகையில் உங்கள் கதையைப் படிப்பவருக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை. அவருக்குக் கிடைப்பது எதுவோ அதுதான் இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

உரையாடலை உங்கள் வீட்டில் பேசுவது போலவே வாசியுங்கள். நாடகக் குரல் வேண்டாம். ஆண்டிபட்டிப் பக்கத்துப் பேச்சும் கூடலூர்ப் பக்கத்துப் பேச்சும் ஒன்றல்ல. மலையாளம் கலக்கிற எல்லை ஊர்ப் பேச்சு இன்னும் வேறு. தாளில் எழுதியிருப்பது ஒரு மாதிரியும் வாயில் வருவது ஒரு மாதிரியும் இருந்தால், வாயில் வருவதை நம்புங்கள். வாசிக்கும்போது தன்னையறியாமல் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் அதைக் குறித்துக் கொடுக்கட்டும். பத்தில் எட்டுத் தடவை மாற்றிச் சொன்னதுதான் சரியான சொல்லாக இருக்கும்.

படி எடுத்துக் கொடுப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேள்வி வரும். என் தீர்ப்பு இது: கதைக்கு முதலில் காது, பிறகு தாள். ஜெராக்ஸ் கையில் இருந்தால் எல்லாரும் தலையைக் குனிந்து எழுத்துப் பிழை தேட ஆரம்பித்துவிடுவார்கள். வாசித்து முடித்த பிறகு கொடுங்கள், பேச்சின்போது பக்கத்தைக் காட்டிச் சொல்ல உதவும். எழுதப் படிக்கத் தயங்குகிற உறுப்பினர்களும் இதனால் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க முடியும். கதை கேட்டு வளர்ந்த அவர்கள் எந்த இடத்தில் கதை தொய்ந்தது என்பதைப் பட்டதாரிகளை விடத் துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள்.

கேட்பவர் செய்ய வேண்டியது

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936-இல் தொடங்கியது. அதன் வழியில் உலகம் முழுக்கப் பரவிய ஒரு வழக்கம், தன் படைப்பைப் பற்றிப் பிறர் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது. இதில் ஒரு நன்மை உண்டு: எழுதியவர் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் நம் ஊருக்கு இதை அப்படியே எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வீட்டிலும் தெருவிலும் வேலையிடத்திலும் ‘நீ பேசாதே’ என்று கேட்டே வளர்ந்த ஒரு பெண்ணோ, சேரியிலிருந்து முதல் தலைமுறையாக எழுத வந்த ஓர் இளைஞரோ, இங்கேயும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமா? 1990-இல் லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் வகுத்த முறை வேறு மாதிரி. அதில் கேள்வி கேட்பதில் படைத்தவருக்குத்தான் முதலிடம். அவர் சம்மதித்த பிறகே மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். அதை நம் பழக்கத்துக்கு ஏற்ப மூன்று சுற்றாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் சுற்றில் தீர்ப்புக்கு இடமில்லை. மனதில் தங்கியதை மட்டும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு காட்சி, ஒரு வாசனை, ஒரு வசனம், ஏதோ ஒன்று. ‘அருமை’ என்ற சொல்லை இந்தச் சுற்றில் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாருக்குமே கதையின் கடைசிப் பகுதியிலிருந்து எதுவும் நினைவில் இல்லை என்றால், யாரும் குறை சொல்லாமலே எழுதியவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

இரண்டாம் சுற்று எழுதியவருடையது. அவர் தனக்குச் சந்தேகமான இடங்களைக் கேட்கட்டும். ‘கதை எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்ற பதில்தான் வரும். ‘மாமியார் பணத்தை எடுத்துட்டாங்கன்னு எந்த இடத்துல உங்களுக்குத் தெரிஞ்சுச்சு?’ என்று கேட்டால் பத்துப் பேரும் பத்து இடம் சொல்வார்கள். அந்தப் பத்துப் பதிலும் அவருக்கு வேண்டும்.

மூன்றாம் சுற்றில்தான் கருத்து. அதையும் ‘எனக்கு இந்த இடத்தில் இப்படி ஆயிற்று’ என்ற வடிவில் சொல்லப் பழகுங்கள். ‘நீங்க இப்படி எழுதியிருக்கணும்’ என்று ஆரம்பிக்கிறவரை ஒருங்கிணைப்பாளர் மெதுவாக நிறுத்திவிட வேண்டும். கேட்டவர் கதையில் நோவு எங்கே என்று காட்டினால் போதும், வைத்தியம் எழுதியவருடைய வேலை.

ஒரு பத்தியை வைத்துப் பார்ப்போம்

ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற ஓர் உறுப்பினர் கீழ்க்கண்ட பத்தியோடு ஒரு கதையைக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தியும் அதைத் தொடரும் பேச்சும் விளக்கத்துக்காக நான் எழுதியவை.

‘அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து சோறு பொங்கி எடுத்துக்கொண்டு மாரியம்மாள் கிளம்பினாள். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. ஜீப்பில் ஏற்கெனவே பதினாறு பேர் இருந்தார்கள். இவள் பின் கம்பியைப் பிடித்து ஏறியதும் டிரைவர் கத்தினான். அவளுக்கு மிகவும் துக்கமாக இருந்தது. ஏழைகளின் வாழ்க்கை இப்படித்தான் என்று எண்ணிக்கொண்டாள். கம்பம்மெட்டுப் பாதையில் வண்டி வளைந்து வளைந்து ஏறியது.’

முறை இல்லாத கூட்டத்தில் இதற்கு வரும் பதில்கள் நமக்குத் தெரியும். உழைக்கும் பெண்களின் வலியை அருமையாகப் படம்பிடித்திருக்கிறார் என்று ஒருவர் சொல்வார். சமூக அக்கறை உள்ள படைப்பு என்று இன்னொருவர் சொல்வார். எழுதியவர் கும்பிடு போட்டு உட்கார்ந்துவிடுவார்.

மூன்று சுற்று முறையில் பேச்சு இப்படிப் போகலாம். முதலில் ஒரு கல்லூரி மாணவர்: ‘கம்பியப் பிடிச்சு ஏறுற எடம் எனக்கு அப்படியே தெரிஞ்சுச்சுக்கா. வண்டி குலுங்குனது மாதிரி இருந்துச்சு.’ ஓய்வு பெற்ற ஆசிரியர்: ‘பதினாறு பேருங்கிற கணக்கு மனசுல நிக்குதும்மா.’ துக்கத்தைப் பற்றியும் ஏழைகளின் வாழ்க்கையைப் பற்றியும் வந்த வரிகள் யாருக்கும் நினைவில்லை.

இரண்டாம் சுற்றில் எழுதியவர் கேட்கிறார்: ‘டிரைவர் மேல உங்களுக்குக் கோவம் வந்துச்சா?’ கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் டீக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் சொல்கிறார்: ‘வரலக்கா. அவன் கத்துனான்னு சொன்னீங்க, என்ன கத்துனான்னு எங்களுக்குக் கேக்கலையே.’

மூன்றாம் சுற்றில், அதே மலைக்கு வேலைக்குப் போகிற இன்னொருவர்: ‘நாலு மணிக்கு எந்திரிச்சுச் சோறு பொங்குனா ஜீப்பு போயிருக்கும் மதினி. நானெல்லாம் மூணு மணிக்கே அடுப்புப் பத்த வச்சிருவேன்.’ மாணவர் திரும்பவும்: ‘ஏழைகளின் வாழ்க்கைன்னு வர்ற வரியில மாரியம்மா பேசுற மாதிரி இல்லக்கா, பேப்பர்ல வர்ற மாதிரி இருக்கு.’

இவ்வளவுதான் பேசப்பட்டது. யாரும் யாரையும் நோகடிக்கவில்லை. அடுத்த மாதம் அவர் கொண்டு வருவது இப்படி இருக்கலாம்:

‘மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால்தான் மாரியம்மாளுக்கு ஜீப் கிடைக்கும். அன்றைக்கு விறகு ஈரம். தூக்குவாளியோடு அவள் ஓடி வந்தபோது உள்ளே பதினாறு பேர் ஆகிவிட்டார்கள். பின் கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தாள். “வாளிய மடியில வையி. மனுசனுக்கே எடமில்ல, சோத்துக்கு எடம் கேக்குதாக்கும்” என்றான் டிரைவர். யாரோ சிரித்தார்கள். சிரித்தது தன் தங்கச்சிதான் என்று கம்பம்மெட்டு ஏறும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.’

தங்கச்சி சிரித்ததை அந்தக் கூட்டத்தில் யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை. டிரைவர் என்ன கத்தினான் என்ற கேள்விக்குப் பதில் தேடிப்போன இடத்தில் எழுதியவருக்கே கிடைத்தது அது. நல்ல கேள்வி கேட்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை இதை வைத்துப் புதிய உறுப்பினர்களுக்கு விளக்கலாம்.

அடுப்புப் பற்ற வைக்கும் நேரத்தைத் திருத்தியவரையும் கவனியுங்கள். உறுப்பினர்களின் தொழிலறிவு என்று முன்னால் சொன்னது இதைத்தான். சமையல் மாஸ்டர், தறி நெய்கிறவர், போடி ஏலக்காய் ஏலத்துக்குப் போய்வருகிறவர், திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கட்டுகிறவர், நர்ஸ் என்று பலர் இருக்கிற கூட்டத்தில் கதையின் விவரப்பிழை தப்பிக்காது. உறுப்பினர் சேரும்போதே என்ன வேலை தெரியும் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். சுருளிப்பட்டித் திராட்சையைப் பற்றிய கதை வருகிற மாதம், பந்தல் கட்டத் தெரிந்தவர் கட்டாயம் வரும்படி போன் போட்டுச் சொல்லுங்கள்.

கவிதையை இரண்டு முறை வாசிக்க வேண்டும். முதல் தடவை எழுதியவர். இரண்டாவது தடவை வேறொருவர். இரண்டாமவர் எங்கே நிறுத்துகிறார், எங்கே தடுமாறுகிறார் என்பதைப் பார்த்தாலே எந்த வரி சரியாக உடையவில்லை என்று தெரிந்துவிடும். பாட்டாக எழுதியிருந்தால் பாடுங்கள், வெட்கப்பட வேண்டாம். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தம்பிகளோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிய பள்ளத்தாக்கு இது.

ஊருக்குத் தெரிந்த ஆட்கள் கதையில் வரும்போது

கூட்டம் ஒரு வருடம் நன்றாக நடந்தால் இந்தச் சிக்கல் வந்தே தீரும். மக்கள் உண்மையை எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்பதற்கு அது அடையாளம். பக்கத்துத் தெருக் கந்துவட்டிக்காரர், ஓடிப்போன பெண், சொத்தைப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி என்று எல்லாரும் கதைக்குள் வருவார்கள். கேட்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் ‘இது இன்னார் கதைதானே?’ என்று கேட்பது கூட்டத்தைக் கெடுத்துவிடும். பேச்சு கதையை விட்டு ஊர்வம்புக்குப் போய்விடும். எழுதியவர் பயந்துபோய் அடுத்த தடவை மரத்தைப் பற்றிக் கவிதை கொண்டு வருவார். ஒருங்கிணைப்பாளர் ஒரு விதியை முதல் நாளே சொல்ல வேண்டும்: கதையில் வருகிறவர் கதைக்குள் இருக்கிறவர் மட்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன் எழுதியவர் பெயரையும் தொழிலையும் தெருவையும் மாற்றட்டும். ஒன்றை மாற்றினால் போதாது, இரண்டு மூன்றை மாற்ற வேண்டும். மாற்றும்போது கதை பெரும்பாலும் இன்னும் நன்றாகவே வரும், ஏனென்றால் நடந்ததைச் சொல்லும் கட்டாயம் போய்விடுகிறது.

சாதி பற்றி எழுதிய கதை வரும்போது கூட்டத்தில் ஒரு தயக்கம் பரவும். மொழிநடையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நழுவப் பார்ப்பார்கள். இதை அனுமதிக்காதீர்கள். டீக்கடையில் தனி டம்ளர் பற்றி ஒருவர் எழுதியிருந்தால், டம்ளரைப் பற்றித்தான் முதல் சுற்றில் பேச வேண்டும். அதே சமயம், தான் பிறந்த சாதியின் பெருமையை வாசிக்க இந்த மேடை இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதில் நடுநிலை என்று ஒன்று கிடையாது. யார் பேசினால் எல்லாரும் கேட்கிறார்கள், யார் பேசும்போது பக்கத்தில் பேச்சு நடக்கிறது என்பதை ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு மாதமும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெண்கள் வாசிப்பதை முதலில் வையுங்கள். கடைசியில் வைத்தால், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரு பாயும் சில படக்கதைப் புத்தகமும் ஓரமாக இருந்தால் போதும். ‘உங்க வீட்டுக்காரர் இதப் படிச்சாரா?’ என்று யாரும் கேட்கக் கூடாது. ஆண் எழுத்தாளர் எவரிடமும் கேட்காத கேள்வி அது.

போன்

வாட்ஸாப் குழு வேண்டும், தேதியும் இடமும் சொல்வதற்கு. படைப்பை அதில் போடுவது வேறு விஷயம். முழுக்கதையைக் குழுவில் போட்டால் ஐந்து கைதட்டல் படமும் மூன்று பூங்கொத்தும் வரும், கூட்டத்துக்கு வந்து கேட்க வேண்டிய தேவை போய்விடும். குழுவில் போட்டது எங்கே போகும் என்பதும் நம் கையில் இல்லை. வாசிப்பதைப் பதிவு செய்வதோ நேரலை போடுவதோ எழுதியவர் வாய்விட்டுச் சம்மதம் சொன்னால் மட்டும். பல பத்திரிகைகளும் போட்டிகளும் வேறெங்கும் வெளிவராத படைப்பைத்தான் கேட்கின்றன. முகநூலில் போட்டதும் வெளிவந்ததாகவே கணக்கு.

கதையை யாராவது திருடிவிடுவார்களோ என்ற கவலை புதியவர்களுக்கு இருக்கும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய அந்த நேரத்திலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத்தாளரின் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் அது நீடிக்கும். கூட்டத்தின் குறிப்பேட்டில் தேதியோடு தலைப்பையும் பெயரையும் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தால், பிற்பாடு கேள்வி வந்தால் காட்ட ஒரு சான்றும் கையில் இருக்கும்.

குறிப்பேடும் திருத்திய படியும்

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, வந்தவர்கள், வாசித்தது, முதல் சுற்றில் வந்த நினைவுகள், எழுதியவர் கேட்ட கேள்விகள், இவ்வளவு போதும். மூன்றாம் சுற்றுக் கருத்துகளை எழுத வேண்டாம். எழுதினால் அவை தீர்மானம் மாதிரி ஆகிவிடும். குறிப்பெடுக்கும் வேலை மாதத்துக்கு ஒருவர் கைக்கு மாறட்டும். குறிப்பெடுக்கிறவர்தான் அன்றைக்கு மிக நன்றாகக் கேட்பார்.

அடுத்த கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தைத் திருத்தி வந்த படைப்புக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலான கூட்டங்களில் இது இல்லை. எல்லாரும் மாதா மாதம் புதிதாக ஒன்றைக் கொண்டு வருகிறார்கள், பழையது அப்படியே டைரியில் கிடக்கிறது. திருத்தியதை முழுக்க வாசிக்க வேண்டியதில்லை. மாறிய பத்திகளை மட்டும், பழைய வடிவம் முதலிலும் புதிய வடிவம் அடுத்தும் வாசித்தால் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது புதிதாக வந்திருப்பவர்கள் எழுதுவது என்ன வேலை என்பதைக் கண்ணால் பார்ப்பார்கள்.

ஒருவர் கேட்டதையெல்லாம் கேட்டுவிட்டு எதையும் மாற்றாமல் வந்தால், ஏன் என்று விசாரிக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: எந்த வரியை மாற்ற முடியாது என்று அவருக்குத் தோன்றியது? அதை அவர் சொல்லட்டும், குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இதழுக்கு அனுப்பும் முன் கடைசியாக ஒரு தடவை படிக்க ஒருவரையும் ஏற்பாடு செய்து கொடுங்கள். கூட்டத்தில் அந்தக் கதையைக் கேட்டிராதவராக அவர் இருந்தால் நல்லது. அனுப்பும் இதழ்கள், தபால், மின்னஞ்சல், பதில் வரும்வரை காத்திருக்கும் காலம் பற்றியெல்லாம் அடுத்த அத்தியாயத்தில்.